உறைந்த தோள்: ஒரு நோயறிவின் வரலாறு
தலை வாரவோ கையை முதுகுப்புறம் கொண்டுபோகவோ இயலாதபடி தோள்மூட்டு மெல்ல இறுகிப்போகும் நோயை, மூட்டைச் சூழ்ந்த திசுக்களின் அழற்சி என 1872இல் விளக்கிய பாரிஸ் அறுவை மருத்துவர் துய்ப்ளே, நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்து, கையை வலிந்து அசைத்து, ஒட்டிய திசுக்களைப் பிரிக்கலாம் என்றார். ‘உறைந்த தோள்’ என்ற பெயரை 1934இல் வழங்கியவர் பாஸ்டன் நகரின் எர்னெஸ்ட் காட்மன். காரணம் பிடிபடாத இந்நோயில், தோள் காலப்போக்கில் தானே இளகும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

நோயின் இருப்பிடத்தைக் கண்ணால் காட்டிய பெருமை அறுவை மருத்துவர் நெவியாசருக்கே உரியது. 1945இல் அவர் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவையில் தோளைத் திறந்தபோது, எலும்புமுனைகளைத் தளர்வாகப் போர்த்தியிருக்க வேண்டிய மூட்டுறை என்னும் பை தடித்துச் சுருங்கி, தோலில் ஒட்டிய பிளாஸ்திரியை உரிப்பதுபோல் எலும்பிலிருந்து உரிந்து வந்தது. இக்காட்சி எவ்வளவு தெளிவாயினும், உறை எலும்போடு ஒட்டிக்கொள்வதே நோய் என்று அதிலிருந்து அவர் எடுத்த முடிவு முழுமையன்று. பின்னாளில் மூட்டுக்குள் நுண்குழாய்க் கருவி செலுத்திப் பார்த்தவர்கள், உறை எலும்போடு ஒட்டுவதைவிடத் தானே தடித்துச் சுருங்குவதே நோயின் சாரம் எனக் கண்டனர். அத்திசு, விரல்களை உள்ளங்கை நோக்கி மடக்கிவிடும் டூப்யூட்ரன் நோயின் நார்த்திசுவை ஒத்தது என்று 1995இல் ஆய்வாளர்கள் பங்கரும் அந்தோணியும் காட்டினர். இவ்விரு நோய்களும் நீரிழிவு உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இங்குக் கருதத்தக்கது. வலி மிகுந்த தொடக்கக் கட்டத்தில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும், இறுக்கம் தணியும்போது படிப்படியான இயன்முறைப் பயிற்சியும் இன்று முதன்மை பெற, துய்ப்ளேயின் வலிந்த அசைப்பு, பிற வழிகளுக்கு இணங்காத தோள்களுக்கு மட்டும் எஞ்சி நிற்கிறது.