ஐபோன் பேட்டரி விவகாரம்

பழைய ஐபோன்கள் திடீர் திடீரென அணைந்துபோவதைத் தடுக்க, ஆப்பிள் நிறுவனம் 2017 ஜனவரியில் ஒரு மென்பொருள் அப்டேட் வழியே அவற்றின் புராசசர் வேகத்தைக் குறைத்தது. அதைப் பயனர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. ஏறத்தாழ ஓராண்டு கழித்து விஷயம் வெளியே வந்ததும் மன்னிப்பு, வழக்குகள், அபராதங்கள் என்று பல ஆண்டுகள் நீண்ட இந்த நிகழ்வுகளே ஐபோன் பேட்டரி விவகாரம் எனப்படுகின்றன. ஆங்கில ஊடகங்கள் வைத்த பெயர் ‘பேட்டரிகேட்’. ஐபோன் 6, 6எஸ் வரிசைகளும் எஸ்இ மாடலும் முதலில் இதில் அடங்கின. 2017 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 11.2 மூலம் ஐபோன் 7 வரிசையும் சேர்ந்துகொண்டது.

‘அப்டேட் போட்டதிலிருந்து போன் சரியில்லை’ என்ற புலம்பல் எல்லா நிறுவனங்களின் போன்களுக்கும் உண்டு. பெரும்பாலும் அதை நிரூபிக்க வழி இருக்காது. இந்த விவகாரத்தில் மட்டும் அது அளவுகோல் வைத்துக் காட்டப்பட்டது. உற்பத்தியாளரே ஒப்புக்கொள்ளவும் நேர்ந்தது.

அப்டேட்டுக்கு முன்

2015 செப்டம்பரில் விற்பனைக்கு வந்த ஐபோன் 6எஸ், அடுத்த ஆண்டின் இறுதியில் விநோதமான ஒரு கோளாறுக்குப் பெயர்போனது. திரையில் 30 அல்லது 40 சதவீதம் சார்ஜ் இருப்பதாகக் காட்டும். கேமராவையோ விளையாட்டையோ திறந்த மறுநொடி திரை இருண்டுவிடும். சார்ஜரைச் செருகினால் போன் உயிர்பெறும். பழைய சதவீதத்தையே மறுபடி காட்டும். அதாவது சார்ஜ் தீர்ந்து அணையவில்லை. குளிர் நாடுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

சீன நுகர்வோர் சங்கம் 2016 நவம்பரில் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது. அதே மாதம், 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தயாரான குறிப்பிட்ட 6எஸ் போன்களுக்கு பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவதாக ஆப்பிள் அறிவித்தது. பேட்டரியின் ஒரு பாகம், தொகுப்பாகப் பொருத்தப்படுவதற்கு முன் தொழிற்சாலையில் இருக்கவேண்டிய நேரத்தைவிட அதிகமாகக் காற்றுபட இருந்துவிட்டது என்று காரணமும் சொன்னது. ஆனால், அந்தத் தொகுதியைச் சேராத போன்களும் அணைந்துகொண்டுதான் இருந்தன. தகவல் திரட்டுவதற்காக 2016 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 10.2-இல் ஒரு கண்டறியும் வசதி சேர்க்கப்பட்டது.

ஏன் அணைந்தன

போன்களில் உள்ள லித்தியம் அயனி பேட்டரி இரண்டு விதமாக முதுமை அடைகிறது. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: கொள்ளளவு குறைகிறது, ஒருமுறை சார்ஜ் செய்தால் முன்பு வந்த நேரம் இப்போது வருவதில்லை. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது: உள்தடை கூடுகிறது. கிராஃபைட் மின்முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டு. பேட்டரி வேலை செய்ய அது தேவை. ஆனால் ஒவ்வொரு சார்ஜின்போதும் அது சிறிது தடித்து, லித்தியத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. அயனிகளின் நடமாட்டம் மந்தமாகிறது. குளிர் இதை மேலும் மந்தமாக்கும். நாள்பட்ட வெப்பமோ படலத்தை வேகமாகத் தடிக்க வைக்கும்.

வீட்டு மாடியில் தொட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தும், உப்பு படிந்த குழாயில் இரண்டு இடத்தில் ஒரே சமயம் திறந்தால் தண்ணீர் சொட்டாக வடிவதைப் போன்றதுதான் இது. புராசசர் ஒரே நொடியில் பெரும் மின்னோட்டத்தைக் கேட்கும்போது, தடை கூடிய பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. ஒரு வரம்புக்குக் கீழே போனால் மின்சுற்றுகள் கெடாதிருக்க போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மீதமுள்ள சார்ஜ் பேட்டரிக்குள்ளேயே இருக்கும், எடுக்கத்தான் முடியாது.

ஐபோன் 6எஸ்-இன் பேட்டரி 1,715 மில்லி ஆம்பியர் மணி. முந்தைய ஐபோன் 6-இல் இருந்த 1,810-ஐவிடச் சிறியது. அதன்மேல் வைக்கப்பட்ட ஏ9 புராசசரோ முந்தையதைவிட வேகமானது. அக்கால ஐபோன் பேட்டரிகள் 500 முழுச் சுழற்சிகளுக்குப் பின் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. தினமும் முழுதாகத் தீர்த்து ஏற்றுபவர் ஒன்றரை ஆண்டுக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடுவார். மெல்லிய உடல், சிறிய பேட்டரி, பசிமிகுந்த புராசசர் என்ற கூட்டணியே கோளாறின் வேர் என்று கொள்வது தவறாகாது.

ஐஓஎஸ் 10.2.1

2017 ஜனவரி 23 அன்று இந்த அப்டேட் வெளிவந்தது. பிழைத்திருத்தங்களும் பாதுகாப்பு மேம்பாடுகளும் உள்ளன என்பதே உடன் வந்த குறிப்பு. அடுத்த மாதம், எதிர்பாராத அணைவுகள் 6எஸ் போன்களில் 80 சதவீதத்துக்கு மேலும், ஐபோன் 6-இல் 70 சதவீதத்துக்கு மேலும் குறைந்துவிட்டதாக ஆப்பிள் பெருமையோடு சொன்னது. எப்படிக் குறைத்தது என்று சொல்லவில்லை. உச்சநேர மின்பயன்பாட்டைச் சீராக்கியதாக ஒரு வரி மட்டும் பின்னர் அந்தக் குறிப்பில் ஏறியது. அந்த ஒரு வரியிலிருந்து தன் போனின் வேகம் வெட்டப்பட்டிருக்கிறது என்று ஊகிக்க வேண்டுமானால், படிப்பவர் மின்னணுப் பொறியாளராக இருக்கவேண்டும்.

உள்ளே நடந்தது இதுதான்: பேட்டரியின் உடல்நிலை, மீதமுள்ள சார்ஜ், வெப்பநிலை ஆகிய மூன்றையும் பார்த்து, புராசசர் எட்டக்கூடிய உச்ச வேகத்துக்கு மென்பொருள் ஒரு கூரை போட்டது. உச்சம் தாழ்ந்ததால் மின்னோட்டம் குறைந்தது, போன் அணையவில்லை. ஆப்கள் திறக்கத் தாமதமாயின, திரை உருட்டும்போது திக்கியது.

அம்பலம்

2017 டிசம்பரில் ஐபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவர், பேட்டரியை மாற்றும் முன்னும் பின்னும் கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஓட்டி எண்களை இணையத்தில் இட்டார். பழைய பேட்டரியோடு ஒற்றைக் கருவக மதிப்பெண் 1,466, புதியதோடு 2,526. பேட்டரி தவிர வேறு எதுவும் மாறவில்லை.

ஒருவரின் எண்ணை வைத்து முடிவுக்கு வர முடியாது. கீக்பெஞ்சை உருவாக்கிய பிரைமேட் லேப்ஸ் நிறுவனர் ஜான் பூல், தம்மிடம் குவிந்திருந்த பயனர் முடிவுகளை ஐஓஎஸ் பதிப்பு வாரியாகப் பிரித்து, டிசம்பர் 18 அன்று வரைபடங்களாக வெளியிட்டார். ஐஓஎஸ் 10.2 ஓடிய 6எஸ் போன்களின் வரைபடத்தில் ஒரே மேடு. ஏறத்தாழ எல்லாப் போன்களும் 2,500-ஐ ஒட்டிய மதிப்பெண். 10.2.1-க்குப் பிறகு அந்த மேட்டின் இடப்புறம், தாழ்ந்த மதிப்பெண்களில், புதிதாகச் சிறு சிறு மேடுகள். 11.2-இல் அவை இன்னும் உயர்ந்திருந்தன. பேட்டரிகள் தாமாகத் தேய்ந்து வேகம் குறைந்திருந்தால் மதிப்பெண்கள் பரவலாகச் சிதறியிருக்கும். குறிப்பிட்ட சில படிகளில் மட்டும் போன்கள் கூடி நின்றதால், யாரோ படி வெட்டி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று, ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

மன்னிப்பும் விலைக்குறைப்பும்

பொறியியல் கண்ணோடு பார்த்தால் ஆப்பிள் செய்ததில் நியாயம் உண்டு. அவசரத்துக்கு ஒருவரை அழைக்கும்போது அணைந்துபோகும் போனைவிட மெதுவான போன் மேல். ஆனால், வேகம் குறைந்ததற்குப் பேட்டரிதான் காரணம் என்று தெரிந்திருந்தால், 79 டாலரில் அதை மாற்றிக்கொண்டு போயிருப்பார் வாடிக்கையாளர். தெரியாததால் போனுக்கே வயதாகிவிட்டது என்று நினைத்து, பல நூறு டாலர் கொடுத்துப் புதியதை வாங்கினார். அந்த மௌனம் நிறுவனத்துக்கு லாபமாக முடிந்தது என்பதை மறுக்க முடியாது. போன்களின் ஆயுளை வேண்டுமென்றே குறைத்ததில்லை, ஒருபோதும் குறைக்கவும் மாட்டோம் என்று டிசம்பர் 28-ஆம் தேதிக் கடிதத்தில் ஆப்பிள் கூறியது. தகவல் தெரிவித்த விதத்துக்கு மன்னிப்பும் கேட்டது. உத்தரவாதக் காலம் கடந்த ஐபோன் 6 முதலான போன்களுக்கு பேட்டரி மாற்றும் கட்டணம் 2018 முழுவதும் 79-லிருந்து 29 டாலராக இறங்கியது. இந்தியாவில் வரி நீங்கலாக 6,500 ரூபாயாக இருந்தது 2,000 ஆனது.

2018 மார்ச் இறுதியில் வந்த ஐஓஎஸ் 11.3, பேட்டரி உடல்நிலையைச் சதவீதத்தில் காட்டும் பக்கத்தைக் கொண்டுவந்தது. வேகக் குறைப்பு செயல்படுகிறதா என்பதை அதில் பார்க்கலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். இந்த விவகாரத்தால் பயனர்களுக்குக் கிடைத்த உருப்படியான பலன் இதுவே. பின்னர் வந்த இழப்பீட்டுத் தொகைகளைவிட இது பெரிது. 2019 ஜனவரி 2 அன்று தலைமைச் செயல் அதிகாரி டிம் குக், காலாண்டு வருவாய் மதிப்பீட்டை 84 பில்லியன் டாலராகக் குறைத்து முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், மலிவு விலை பேட்டரி மாற்றத்தையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தார். பேட்டரி மாற்றியவர்கள் புதிய போன் வாங்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

வழக்குகள்

இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்புத் துறையான டிஜிசிசிஆர்எஃப், 2020 பிப்ரவரியில் 2.5 கோடி யூரோ விதித்தது. திட்டமிட்ட வழக்கொழிவுக்கு எதிரான ஒரு தன்னார்வ அமைப்பின் புகாரே அதன் தொடக்கம். அப்டேட் போனை மெதுவாக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லாததே குற்றமாகக் கொள்ளப்பட்டது. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகவும் பயனர்களுக்கு வழியில்லை என்பதை அத்துறை சுட்டிக்காட்டியது. அபராதத்தோடு, பிரெஞ்சு இணையதளத்தில் ஒரு மாதம் அறிவிப்பை வைத்திருக்கவும் ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவில் தொடரப்பட்ட பல வழக்குகள் கலிபோர்னியாவின் சான் ஹோசே கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாக இணைக்கப்பட்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 31 கோடி டாலருக்குக் குறையாமலும் 50 கோடிக்கு மிகாமலும் தர 2020-இல் ஆப்பிள் உடன்பட்டது. மேல்முறையீடுகள் முடிந்து 2024 ஜனவரியில்தான் பணம் கைக்கு வந்தது. விண்ணப்பித்தோர் எதிர்பார்த்ததைவிடக் குறைவென்பதால் ஒரு போனுக்குச் சுமார் 92 டாலர் கிடைத்தது. அரிசோனா முன்னின்று நடத்திய, 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களின் தனி விசாரணை 2020 நவம்பரில் 11.3 கோடி டாலரோடு முடிந்தது. தென் கொரியாவில் முதல் நீதிமன்றத்தில் தோற்றவர்களுள் ஏழு பேர் விடாமல் மேல்முறையீடு செய்ய, சியோல் உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஆளுக்கு 70,000 வோன் தரச் சொன்னது. சிறிய தொகைதான், ஆனால் விளக்கிச் சொல்லும் கடமை நிறுவனத்துக்கு உண்டு என்று அந்த நீதிமன்றம் கூறியது.

பிற நிறுவனங்கள்

ஆப்பிளுக்கு அபராதம் விதித்த அதே நாளில் இத்தாலிய ஆணையம் சாம்சங்குக்கும் 50 லட்சம் யூரோ விதித்தது. நோட் 7-க்கு ஏற்ப அமைந்த ஆண்ட்ராய்டு மார்ஷ்மெல்லோ பதிப்பை, பழைய நோட் 4 போன்களில் ஏற்றும்படி பயனர்களைத் தொடர்ந்து தூண்டியது என்பது குற்றச்சாட்டு.

கூகுள் வேறு பாதையில் சென்றது. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்குத் தானாக இறங்கிய அப்டேட், சில போன்களின் பேட்டரி கொள்ளளவையே சுருக்கியது. ஒரு நாள் வந்த சார்ஜ் சில மணி நேரத்துக்குச் சுருங்கியதாகப் பலர் கொதித்தனர். கூகுள் முன்கூட்டியே அறிவித்தது, இலவச பேட்டரி அல்லது பணம் தருவதாகவும் சொன்னது. அதே சமயம் பழைய பதிப்பின் கோப்புகளைத் தன் தளத்திலிருந்து அகற்றிவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் பிக்சல் 6ஏ போன்களில் சிலவற்றுக்கும், பேட்டரி சூடேறும் அபாயத்தைக் காரணம் காட்டி, 400 சுழற்சிகளுக்குப் பின் கொள்ளளவைக் குறைக்கும் கட்டாய அப்டேட் வந்தது.

அப்டேட்டுக்குப் பிந்தைய சாதாரணச் சரிவு

இவற்றைப் பார்த்துவிட்டு, அப்டேட்டுக்குப் பின் சார்ஜ் வேகமாக இறங்கினாலே சூழ்ச்சி என்று முடிவுகட்டக் கூடாது. பெரிய பதிப்பு ஏறியதும் போன் உள்ளுக்குள் நிறைய வேலை பார்க்கிறது: தேடல் பட்டியலைப் புதிதாக அடுக்குகிறது, படங்களில் உள்ள முகங்களை மறுபடி அலசுகிறது, ஆண்ட்ராய்டாக இருந்தால் ஆப்களைப் புதிய பதிப்புக்கேற்ப மீண்டும் தொகுக்கிறது. போன் சுடும், சார்ஜ் இறங்கும். சில நாளில் அடங்கிவிடும். காலப்பொருத்தமும் ஒரு காரணம். ஐஓஎஸ்-இன் பெரிய பதிப்பு ஆண்டுதோறும் செப்டம்பரில், புதிய ஐபோனை ஒட்டி வருகிறது. பழைய போனின் பேட்டரிக்கு அப்போது இன்னொரு வயது கூடியிருக்கும். பழி அப்டேட்டின் மேல் விழுகிறது. சில நேரம் அளவுகோலே மாறும்: 2021-இல் ஐஓஎஸ் 14.5, ஐபோன் 11 வரிசையின் பேட்டரி உடல்நிலைக் கணக்கைத் திருத்தியபோது, சிலருடைய சதவீதம் சில வாரங்களில் ஏறியோ இறங்கியோ போனது. பேட்டரி மாறவில்லை.

ஆகவே அப்டேட் போட்டபின் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. அதன்பிறகும் தேறவில்லை என்றால் அமைப்புகளில் பேட்டரி பக்கத்தைத் திறந்து, எந்த ஆப் அதிகம் உறிஞ்சுகிறது என்று பார்க்கவேண்டும். உடல்நிலை 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புதிய போனுக்குப் பணம் புரட்டும் முன் புதிய பேட்டரிக்கு விலை கேளுங்கள்.