வாங்கியவருக்கு எஞ்சுவது என்ன? எண்ம ஊடகங்களில் நுகர்வோர் உடைமை

1. ஆய்வுப் பொருள்

அச்சு நூலை வாங்கியவர் அதை இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். அதையே மின்னூலாக வாங்கியவருக்கு இவற்றில் எதுவும் உறுதியில்லை. திருட்டுப் படிகள் பற்றிய அச்சமே இதற்குக் காரணம் என்பார்கள். வழக்குகளைப் பார்த்தால் அடிப்படைக் காரணம் வேறு: வாங்குபவரின் உரிமையைச் சட்டம் கையில் பிடிக்கும் படியோடு பிணைத்து வைத்தது, படி மறைந்ததும் உரிமையும் பிடிமானம் இழந்தது. எனவே மறுவிற்பனை உரிமைக்கு முன்பாக, விற்றதைப் பறிக்கக் கூடாது என்னும் உரிமையே நிலைநாட்டப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

2. முதல் விற்பனைக் கோட்பாடு

‘தி காஸ்ட்அவே’ நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறலாகும் என்று பாப்ஸ்-மெரில் பதிப்பகம் நூலிலேயே அச்சிட்டது. மேசி கடையினர் 89 சென்டுக்கு விற்றார்கள். முதல் விற்பனைக்குப் பிந்திய விலையைக் கட்டுப்படுத்தப் பதிப்புரிமை இடந்தராது என 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கோட்பாடு 1909 சட்டத்தில் இடம்பெற்று, 1976 சட்டத்தின் 109ஆம் பிரிவாகத் தொடர்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் (1957) 14ஆம் பிரிவும், ஒருமுறை விற்கப்பட்ட படியை ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள படியாகக் கொள்கிறது. இரண்டிலும் உரிமைக்கு அளவுகோல் ‘படி’ என்பதே.

3. எண்மப் படியும் நீதிமன்றங்களும்

3.1 அமெரிக்கா: ஐடியூன்ஸில் வாங்கிய பாடல்களை மறுவிற்பனை செய்ய ரீடிஜி நிறுவனம் வழிசெய்தது. விற்பவரின் கணினியிலிருந்து பாடல் நகர நகர, அங்கிருந்த கோப்பு அழிக்கப்பட்டது. ஆயினும் கோப்பு வழங்கியில் பதிவாகும்போது புதிய படி உருவாகிறது. அது மறுஉருவாக்கம் என்று 2013-இல் கீழ் நீதிமன்றமும் 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் முடிவுசெய்தன.

3.2 ஐரோப்பா: ஆரக்கிள் நிறுவனத்துக்கு எதிரான யூஸ்டுசாஃப்ட் வழக்கில் (2012) ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வேறு பாதையில் சென்றது. காலவரம்பற்ற உரிமத்தைப் பணம் பெற்று வழங்குவது விற்பனையே. தன்னிடமுள்ள படியைப் பயனற்றதாக்கிவிட்டு மென்பொருளை மற்றவருக்கு விற்கலாம் என்றது. ஆனால் டாம் கபினெட் வழக்கில் (2019) மின்னூலுக்கு அதே நீதிமன்றம் இதை மறுத்தது. பயன்படுத்துவதால் மின்னூல் தேய்வதில்லை, பழையதும் புதியதற்கு முழு ஈடாகும் என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. இந்தக் காரணத்தில் வலுவுண்டு: தேயாத பொருளின் மறுவிற்பனை ஆசிரியரின் வருவாயை நேரடியாகத் தாக்கும். ஆனால் அது மறுவிற்பனைக்கு மட்டுமே பொருந்தும். வாங்கியவர் தன்னிடமே வைத்துப் படிப்பதை அது தொடுவதில்லை.

4. பறிப்பு

2009 ஜூலையில் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ ஆகியவற்றின் சில பதிப்புகளை அமேசான் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து நீக்கியது. அவற்றை ஏற்றியவருக்கு விற்கும் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பியது, ஆனால் ஒரு மாணவர் எழுதிய குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற நூல்களும் மறைந்தன. முழு விலையும் திரும்பியது. குறிப்பெழுதியவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வரவு வைக்கப்பட்டது. வாசகர் நூலில் சேர்த்த உழைப்புக்கும் மதிப்புண்டு என்பதை அத்தொகையே ஒப்புக்கொள்கிறது. 2024 மார்ச்சில் யூபிசாஃப்ட் வழங்கிகளை நிறுத்தியதும் ‘தி குரூ’ விளையாட்டை வாங்கியவர்களால் தனியாகக்கூட ஆட முடியவில்லை.

வாங்கியவர்கள் படியெடுத்துப் பரப்பியது இந்நிகழ்வுகள் எதற்கும் காரணமன்று. திருட்டு அச்சம் இங்கே விடையாகாது.

5. பூட்டு

கோப்பைத் தானே காத்துக்கொள்ள நினைப்பவரை எண்மப் பூட்டு தடுக்கிறது. அமெரிக்காவின் 1998 சட்டத்தில், சில விலக்குகள் தவிர, நூலைப் படிக்கத் தடையாக நிற்கும் பூட்டை உடைப்பதே சட்டமீறல். இந்தியாவில் 2012 திருத்தம் சேர்த்த 65அ பிரிவு, உரிமையை மீறும் நோக்கோடு உடைப்பதையே தண்டிக்கிறது. நோக்கத்தைப் பார்க்கும் இந்த அணுகுமுறை நுகர்வோருக்கு ஓரளவு இடம் தருகிறது.

6. அறிவிப்பு போதுமா?

கலிஃபோர்னியாவின் ஏபி 2426 சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாக அறிவிக்காமல் எண்மப் பண்டத்தை ‘வாங்குங்கள்’ என விளம்பரப்படுத்த அது தடைவிதிக்கிறது. இது ஏமாற்றத்தைக் குறைக்கும். உரிமை எதையும் தராது. பறிக்கப்படலாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பறிப்பது அதன்படி சரியே. எனினும் அதில் ஒரு விலக்கு உண்டு: விற்றபின் விற்பனையாளரால் திரும்பப் பெற முடியாத, நிரந்தரமாகத் தரவிறக்கக்கூடிய பண்டத்துக்கு அறிவிப்பு தேவையில்லை.

7. முடிவுகள்

அ) ஒரே தடவையில் முழு விலை பெற்று, கால எல்லை கூறாமல் தரும் எதுவும் நிலையான பயன்பாட்டுக்கான விற்பனையாகக் கொள்ளப்பட வேண்டும்.

ஆ) விற்றவருக்கும் உரிமையாளருக்கும் இடையிலான பூசலை அவர்கள் பணத்தால் தீர்த்துக்கொள்ள வேண்டும், வாசகரின் கருவியில் கைவைக்கக் கூடாது.

இ) கடை மூடும் முன் பூட்டற்ற கோப்பைத் தரும் கடமை விற்பவருக்கு இருக்க வேண்டும்.

இவ்விதிகள் வந்தால் நிறுவனங்கள் எல்லாவற்றையும் மாதச் சந்தாவுக்கு மாற்றிவிடும் என்பது எதிர்வாதம். மாற்றட்டும், வாடகைக்குத் தருவதை வாடகை என்று சொல்லி வாடகை விலையில் தருவதில் குறையில்லை. மறுவிற்பனையின் எல்லையை ஆசிரியரின் வருவாயோடு சேர்த்துத் தனியே வாதிடலாம். பறிக்காமை அத்தகைய பேரத்துக்கு உரியதன்று: அதனால் ஆசிரியருக்கு இழப்பில்லை, அதை மறுப்பதால் வாசகருக்கோ முழு இழப்பு.