சூலியா தெருவில் இறக்கிய பாடம்: எக்ஸ்பி காலத்துக் காணொலிகளின் கதை

இந்த முறை கொஞ்சம் விலகி, கணினி வரலாறு ஒன்றைச் சொல்லப் போகிறேன். யாப்பும் இதில் வரும், பயப்பட வேண்டாம்.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவை அறியாதவர்கள் குறைவு. 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்திறங்கிய பிறகு உருவான பழைய தெருக்களில் இதுவும் ஒன்று. தொடக்கத்தில் இதற்கு மலபார் தெரு என்று பெயர். அக்காலத்து ஐரோப்பியர்கள் தமிழரையும் மலபாரிகள் என்றே எழுதினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்பார்கள். பிறகு அந்தப் பெயரே தெருவுக்கு நிலைத்தது. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இங்கிருந்து சில எட்டுகள்தான். கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரானதும் தெருவின் முகம் மாறத் தொடங்கியது. ஆனா, நான் சொல்ல வருவது சுற்றுலா ஏடுகளில் இடம்பெறாத ஒரு கடையைப் பற்றி.

2010-இல் நான் கீழ் ஆறாம் படிவ மாணவன். சூலியா தெருவில் வெள்ளைக்காரப் பயணிகளுக்காக நடந்துகொண்டிருந்த சைபர் கஃபே ஒன்றுக்கு வாரம் ஒருமுறை போவேன். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு ரிங்கிட். எல்லாக் கணினியிலும் விண்டோஸ் எக்ஸ்பி. அந்தப் பச்சைப்புல் மேடும் நீலவானமும் உங்களுக்கும் நினைவிருக்கும். சார்லஸ் ஓ'ரியர் என்பவர் 1996-இல் கலிபோர்னியாவில் எடுத்த படம் அது. வரைந்த ஓவியம் என்றுதான் நான் பல வருடம் நம்பியிருந்தேன்.

போவது விளையாடுவதற்கு அல்ல. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வெண்பலகை முன் நின்று யாப்பு நடத்தியதை அவருடைய பழைய மாணவர் ஒருவர் படம்பிடித்து யூடியூபில் ஏற்றியிருந்தார். எழுத்தும் அசையும், சீர், தளை, அடியும் தொடையும் என்று நான்கு பாடங்கள். எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு எனக்கு இருந்த ஒரே துணை அதுதான். வீட்டில் இணையம் கிடையாது. எனவே பாடத்தை இறக்கி, 2 ஜிபி பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தால்தான் படிப்பு.

ஒவ்வொரு பாடமும் நான்கு துண்டாக இருந்தது. ஏன் தெரியுமா? 2006 மார்ச் முதல் யூடியூப் ஒரு காணொலிக்குப் பத்து நிமிடம் என்று எல்லை வைத்திருந்தது. 2010 ஜூலையில்தான் அதைப் பதினைந்தாக்கினார்கள். ஐயா நாற்பது நிமிடம் பேசினால் நாலு துண்டு. ஆக, பதினாறு கோப்புகள்.

இனி வரலாறு. எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபர் 25. அதே ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அங்கே கூடியவர்களின் பெரிய கவலையே குறியாக்கம்தான். 1985-இலேயே முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் நம் நாட்டில் தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்துவிட்டது. 1999-இல் சென்னையில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் தரமாக அறிவிக்கப்பட்டன. இன்னொரு பக்கம் யூனிகோட்டில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஒரு கணினியில் அடித்த தமிழ் இன்னொன்றில் பூச்சி பூச்சியாகத் தெரிந்த காலம். மூத்த ஆசிரியர்களைக் கேளுங்கள், கண்ணீரோடு சொல்வார்கள்.

எக்ஸ்பி யூனிகோட் தமிழை அறியும். லதா என்ற எழுத்துருவும் அதனோடு வந்தது. ஆனால் எல்லாம் தானாக வராது. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழிகளுக்கான பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் நாமே குறியிட வேண்டும். குறியிட்டதும் அது எக்ஸ்பி குறுந்தட்டைக் கேட்கும். சைபர் கஃபேயில் தட்டுக்கு எங்கே போவது? அதனால் காணொலித் தலைப்புகள் எல்லாம் வெறும் கட்டம் கட்டமாகவே தெரிந்தன. நான் ஐயாவின் சிவப்புச் சட்டையை வைத்துத்தான் காணொலியை அடையாளம் கண்டேன்!

யூடியூப் 2005-இல் தொடங்கியது. முதல் காணொலி அவ்வாண்டு ஏப்ரல் 23-இல் ஏறியது. அடுத்த ஆண்டே கூகுள் அதை வாங்கிவிட்டது. அன்றைய காணொலிகள் ஃபிளாஷ் வழியாக ஓடின. இங்கேதான் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. அப்போது நீங்கள் ஒரு காணொலியைப் பார்த்தால் அது முழுக் கோப்பாகவே உங்கள் கணினிக்கு வந்து, உலாவியின் தற்காலிகக் கோப்புறையில் உட்கார்ந்துவிடும். சிவப்புக் கோடு கடைசிவரை நிறையும்வரை காத்திருந்து, அந்தக் கோப்புறையைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய கோப்பை எடுத்து, பெயரின் வாலில் எஃப்.எல்.வி. என்று சேர்த்தால் போதும். காணொலி கையில்! பத்து நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து மெகாபைட். மென்பொருளே வேண்டாம். 'சேமிப்பது' என்று நாம் பெரிதாகச் சொன்னது, ஏற்கெனவே வந்து கிடந்ததை எடுத்து வைப்பதுதான்.

அதற்குள் இன்னொரு கதவு அடைபட்டது. எக்ஸ்பியோடு வந்த உலாவி இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6. 2010 மார்ச்சில் யூடியூப் அந்த உலாவிக்கான ஆதரவை நிறுத்தியது. கஃபேயில் அடுத்த வாரம் போனால், உலாவியைப் புதுப்பியுங்கள் என்று பக்கம் சொல்கிறது. கல்லாவில் இருந்த அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒன்னுமில்ல தம்பி" என்று ஃபயர்பாக்ஸை நிறுவி, காணொலி இறக்கும் நீட்சி ஒன்றையும் அதில் சேர்த்துக் கொடுத்தார். அந்த நீட்சி இல்லையென்றால் எனக்கு யாப்பு இல்லை.

அந்தக் கடை இப்போது இல்லை.

பிறகு நடந்ததை விரைவாகவே சொல்லிவிடலாம். 2014 ஏப்ரல் 8-இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்தியது. 2016-இல் குரோம் கைவிட்டது. ஃபயர்பாக்ஸ் 2018 வரை தாக்குப்பிடித்தது. 2015 ஜனவரியில் யூடியூப் ஃபிளாஷை ஒதுக்கி எச்.டி.எம்.எல்.5-ஐ இயல்பாக்கியது, 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கே முடிவு வந்தது. இதற்கிடையே காணொலி வரும் முறையே மாறிவிட்டது. ஒரே கோப்பாக வராமல், சில விநாடித் துண்டுகளாக, படம் தனி ஒலி தனியாக, உங்கள் இணைய வேகத்துக்கு ஏற்பத் தரம் மாறி மாறி வருகிறது. தற்காலிகக் கோப்புறையைத் தோண்டினாலும் முழுசா எதுவும் கிடைக்காது. போதாக்குறைக்கு, இன்றைய தளங்கள் கேட்கும் புதிய மறைகுறியீட்டு முறைகள் எக்ஸ்பியின் பழைய உலாவிக்குத் தெரியாது. பூட்டு மாறிவிட்டது, சாவி பழையது. காணொலியைப் பார்ப்பது இருக்கட்டும், பக்கமே திறக்காது.

இறக்கும் கருவிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2006-இல் ரிக்கார்டோ கார்சியா எழுதத் தொடங்கிய யூடியூப்-டிஎல் என்ற கட்டற்ற நிரல் அவற்றில் புகழ்பெற்றது. 2020 அக்டோபர் 23-இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் கொடுத்த புகாரால் கிட்ஹப் அதை நீக்கியது. நவம்பர் 16-இல் திரும்ப வைத்தது. யூடியூபின் விதிகளோ, தளமே தரும் இறக்கப் பொத்தானைத் தவிர வேறு வழியில் இறக்க அனுமதிப்பதில்லை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1987, தனிப்பட்ட படிப்புக்கும் ஆய்வுக்கும் நியாயமான பயன்பாடு என்று ஓரளவு இடம் தருகிறது. ஆனால் அதைக் காட்டித் தளத்தின் விதியை மீறலாம் என்று நான் சொல்லித்தர மாட்டேன். ஆசிரியர்களுக்கு நான் சொல்வது எளிது: ஏற்றியவரிடம் கேளுங்கள். மூலக் கோப்பையே அனுப்பிவிடுவார். 2010-இல் எனக்கு இந்தப் புத்தி இல்லை. ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கலாம்.

போடாததன் விலையைச் சொல்கிறேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. நானும் ஆசிரியராகி, இல்லத்திலிருந்து இணையவழி யாப்பு நடத்த வேண்டிய நிலை. ஐயாவின் காணொலியைத் தேடினேன். அந்தக் கணக்கே இல்லை. ஐயா காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏற்றியவரின் தொடர்பும் கிடைக்கவில்லை. என் பென்டிரைவ் எப்போதோ தொலைந்துபோனது. அப்போதுதான் நினைவு வந்தது: படிவம் ஆறில் வகுப்பு நண்பர்களுக்காகப் பள்ளியின் தமிழ் அறைக் கணினியில் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்திருந்தேன்.

2022-இல் அனுமதி பெற்று அந்தப் பள்ளிக்குப் போனேன். கணினி பொருளறையில், பழைய நாற்காலிகளுக்கு அடியில் கிடந்தது. மின்சாரம் கொடுத்ததும் முனகிக்கொண்டே எழுந்தது. அதே பச்சைப்புல் மேடு. நான் கொண்டுபோன 64 ஜிபி பென்டிரைவை அது ஏற்கவில்லை. காரணம் எக்ஸ்ஃபேட் என்ற வடிவம். தனிப் புதுப்பிப்பு நிறுவாத எக்ஸ்பிக்கு அது புரியாது. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பயப்படாமல், ஃபேட்32 வடிவில் உள்ள சிறிய பென்டிரைவைச் செருகுங்கள். எக்காரணம் கொண்டும் அந்தக் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள். 2017 மே மாதம் வான்னாகிரை தாக்கியபோது, மூன்று ஆண்டுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒட்டுப் போட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்புகள் இருந்தன. பெயர்கள் இல்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கவலை இல்லை, உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கும், புதிய கணினியில் சரியாகத் தெரியும். ஆனால் அன்றைய இறக்கக் கருவிகள் பல தமிழ் எழுத்தையே அறியாதவை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடிக்கோடு போட்டு வைத்தன. அது திரும்பவே திரும்பாது. எஞ்சியவை எண்கள் மட்டும். பகுதி ஒன்று என்ற பெயரில் நான்கு கோப்புகள், பகுதி இரண்டு என்று நான்கு. வி.எல்.சி. நிரலில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஐயா என்ன சொல்கிறார் என்று கேட்டு, நானே பெயர் சூட்டினேன். அந்தப் பிற்பகல் முழுக்க அதற்கே போனது. நேர், நிரை என்று அவர் மேசையைத் தட்டும் ஓசை அந்தப் பொருளறையில் கேட்டபோது எனக்கு மறுபடி பதினெட்டு வயது.

இந்தத் தெருப் பக்கத் தமிழுக்கு இது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் வித்தியா விசாரிணி என்ற இதழை நடத்தினார். அந்நூற்றாண்டில் மலாயாவில் தோன்றிய தமிழ் ஏடுகள் பலவற்றின் பெயர் மட்டுமே நம்மிடம் மிஞ்சியிருக்கிறது. 1887-இல் சிங்கப்பூரில் தொடங்கிய சிங்கை நேசனை இன்று நீங்கள் கைப்பேசியிலேயே படிக்க முடிகிறது. பிரிட்டனில் பிரதி இருந்தது, சிங்கப்பூர் தேசிய நூலகம் அதை இணையத்தில் ஏற்றியது. தாளும் மையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நகல் எங்கே இருந்தது என்பதில்தான் வேறுபாடு. வரலாற்றுத் தாள் எழுதும் மாணவர்கள் இதைச் சான்றுகளின் இயல்பு என்ற தலைப்பில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. நம் பள்ளிக் கணினிகளில் எத்தனை விண்டோஸ் 11-ஐ ஏற்கும் என்று பார்த்தீர்களா? அவற்றைப் பொருளறைக்கு அனுப்பும் முன், தமிழ் அறைக் கணினியின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை திறந்து பாருங்கள். இறந்தவர்களின் குரல்கூட இருக்கலாம்.

ஐயாவின் குடும்பத்தாரைக் கண்டுபிடித்து அனுமதி வாங்கிவிட்டேன். காணொலிகளை எம்.பி.4 வடிவுக்கு மாற்றி, தமிழிலேயே பெயரிட்டு, மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். கேட்கும் ஆசிரியர்களுக்குச் சங்கத்தின் வழி அனுப்புகிறேன்.

பதினாறில் பதினைந்து முழுமையாக இருக்கின்றன. ஒன்று மட்டும் குறை: தளைப் பாடத்தின் மூன்றாம் பகுதி. அன்று என் ஒரு மணி நேரம் முடியப்போனது, பையில் இன்னொரு இரண்டு ரிங்கிட் இல்லை, பாதி இறங்கும்போதே பென்டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எஃப்.எல்.வி. கோப்பில் ஒரு நன்மை, அறுந்தாலும் அறுந்த இடம்வரை ஓடும். ஆறு நிமிடம் பத்து விநாடி ஓடுகிறது. மா முன் நிரை, விளம் முன் நேர் முடித்துவிட்டு, வெண்சீர் வெண்டளைக்கு வருகிறார். "காய் முன்..." என்று சொல்லிவிட்டு, பின்வரிசைப் பையனைப் பார்த்து, "நீ சொல்லு" என்கிறார். அங்கே நின்றுபோகிறது.

2009, 2010 வாக்கில் அந்தக் காணொலியை நீங்களோ உங்கள் பழைய மாணவர்களோ இறக்கி வைத்திருந்தால், சங்கத்துக்கு எழுதுங்கள். சிவப்புச் சட்டை, வெண்பலகை, ஓரத்தில் ஒரு மேசை விசிறி. கோப்பின் பெயரில் மூன்றும் நான்கும் மட்டும் இருக்கும்.