வடித்த ஆயில் போன இடம்

ஃபோர்டு மாடல் டி காரில் ஆயில் பம்ப் கிடையாது, ஃபில்டர் கிடையாது, அளவு பார்க்கும் குச்சியும் கிடையாது. சுழலும் ஃப்ளைவீல் வாரி இறைக்கும் ஆயில்தான் இன்ஜினை நனைத்தது. எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தெரிய, காருக்கு அடியில் புகுந்து மேலும் கீழுமாக இருந்த இரண்டு சிறு குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். 1908 முதல் 1927 வரை இப்படி ஒன்றரைக் கோடி கார்கள் விற்றன. சுமார் 750 மைலுக்கு ஒருமுறை பழைய ஆயிலை வடித்துவிடச் சொன்னது ஃபோர்டின் கையேடு. பண்ணை வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் மெக்கானிக் ஏது? அவரே படுத்தார், அவரே வடித்தார்.

எர்னஸ்ட் ஸ்வீட்லண்டின் ஆயில் ஃபில்டர் 1923இல் வந்தது. அடுத்த ஆண்டே கிரைஸ்லர் காரில் அது இடம்பிடித்தது. பின்னாளில் பெட்ரோல் பங்குகள் பெருகி, காரைத் தூக்கி நிறுத்தி இந்த வேலையைச் செய்து கொடுத்தன. ஆனாலும் வீட்டு வாசலில் ஆயில் மாற்றும் பழக்கம் மறையவில்லை. கையால் திருகி மாட்டும் ஃபில்டரை 1954இல் விக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது வேலையைச் சுலபமாக்கியது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருந்தவர்களுக்கு 1969இல் ஜான் மியூர் எழுதிய பழுதுபார்ப்பு நூல் துணை நின்றது. 1973இன் எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, ஆள் வைத்துப் பணி செய்த பங்குகள் பல மூடின அல்லது சுயசேவைக்கு மாறின. 1975இன் அமெரிக்க உத்தரவாதச் சட்டமும் கைகொடுத்தது: தானே ஆயில் மாற்றினார் என்பதற்காக மட்டும் ஒருவரின் உத்தரவாதத்தை நிறுவனம் ரத்துசெய்ய முடியாது.

வடிக்கக் கற்றுக்கொடுக்கப் பலர் இருந்தார்கள். வடித்ததை எங்கே ஊற்றுவது என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்லவில்லை.

பாப்புலர் சயின்ஸ் இதழ் 1963 ஜனவரியில் ஒரு யோசனை வெளியிட்டது: தரையில் குழி தோண்டுங்கள், சரளைக்கல் நிரப்புங்கள், பழைய ஆயிலை அதில் ஊற்றுங்கள், மண் உறிஞ்சிக்கொள்ளும். அந்த வாசகர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்வது நியாயமில்லை. கண்ட இடத்தில் கொட்டாமல் ஒழுங்காக அப்புறப்படுத்த நினைத்தவர்கள்தானே அதைப் படித்துக் குழி தோண்டியிருப்பார்கள்? ஒரு கேலன் பழைய ஆயில் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பின்னாளில் எச்சரித்தது.

மண்சாலையில் புழுதி அடங்க ஆயில் தெளிப்பதும் அன்று சாதாரண வழக்கம். மிசௌரி மாநிலத்தின் டைம்ஸ் பீச் என்ற சிற்றூர், 1970களின் தொடக்கத்தில் அதற்கென ஓர் ஒப்பந்தக்காரரை அமர்த்தியது. அவர் தெளித்த கழிவு ஆயிலில் ஒரு ரசாயன ஆலையின் கழிவும், அதிலிருந்த டையாக்சின் என்ற கொடிய நச்சும் கலந்திருந்தன. 1982 டிசம்பரில் பெருவெள்ளம் சூழ்ந்த அதே வேளையில், மண்ணில் டையாக்சின் இருப்பதைக் காட்டிய பரிசோதனை முடிவும் வந்தது. மறு ஆண்டு, ஊர் முழுவதையும் விலைக்கு வாங்கிக் காலிசெய்ய அரசு முடிவெடுத்தது. இரண்டாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. கேடு செய்தது டையாக்சின்தான். ஆனால் அதை வீட்டு வாசல்வரை சுமந்து வந்தது யாரும் கேள்வி கேட்காத ஆயில்.

இன்ஜினுக்குள் ஆயில் தேய்ந்து தீர்ந்துவிடுவதில்லை. அதில் சேர்த்த வேதிப்பொருட்கள் வலுவிழக்கின்றன, அழுக்கு சேர்கிறது, அவ்வளவே. சுத்திகரித்தால் ஒரு கேலன் பழைய ஆயிலிலிருந்து இரண்டரைக் குவார்ட், அதாவது அரை கேலனுக்கு மேல், புது ஆயில் கிடைக்கும். வீடுகளில் வடித்த ஆயிலைத் திரட்டி மறுபயனுக்கு அனுப்பும் திட்டத்தை அலபாமா மாநிலம் 1977இலேயே தொடங்கியது. 1992இன் அமெரிக்க மத்திய அரசு விதிகள் புழுதிக்கு ஆயில் தெளிப்பதைத் தடுத்தன. ஆனால் தன் வாசலில் தானே ஆயில் மாற்றுபவரை அவை கட்டுப்படுத்துவதில்லை. சேகரிப்பு மையத்துக்கு வந்த பிறகுதான் அந்த ஆயில் விதிகளுக்குள் வருகிறது. அதனால் அவர் கொண்டுபோய்க் கொடுக்க அருகில் இடம் இருக்கிறதா என்பதே முக்கியமாகிறது. இன்று உதிரிபாகக் கடைகள் பலவும் பழைய ஆயிலைக் காசில்லாமல் வாங்கிக்கொள்கின்றன. கூலண்டோ பெட்ரோலோ கலந்திருந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.