கண்குழிச் சுட்டெண்

கண்குழிச் சுட்டெண் என்பது மனித மண்டையோட்டில் கண் அமைந்துள்ள குழியின் உயரத்துக்கும் அகலத்துக்கும் இடையேயான விகிதத்தை நூற்றுவீதமாகத் தரும் அளவீடு ஆகும். இது உடல்சார் மானிடவியல், தடய அறிவியல், முக அறுவை மருத்துவம் ஆகிய துறைகளில் பயன்படுகின்றது.

கண்குழியின் அமைப்பு

கண்குழி ஏறத்தாழக் கூம்பு வடிவானது. நுதலெலும்பு, கன்ன எலும்பு, மேல்தாடை எலும்பு, ஆப்புரு எலும்பு, நெய்யரி எலும்பு, கண்ணீர் எலும்பு, அண்ண எலும்பு ஆகிய ஏழு எலும்புகள் சேர்ந்து இதனை உருவாக்குகின்றன. வளர்ந்தவர்களில் இதன் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் ஆகும்.

அளக்கும் முறை

நுதலெலும்பு, கண்ணீர் எலும்பு, மேல்தாடை எலும்பு ஆகிய மூன்றும் சந்திக்கும் புள்ளி டாக்ரியான் எனப்படும். இப்புள்ளியிலிருந்து குழியின் வெளி விளிம்பு வரையுள்ள தூரம் அகலம் ஆகும். அதற்குச் செங்குத்தாக மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரம் உயரம் ஆகும். இவை வெர்னியர் அளவியால் அளக்கப்படுகின்றன. வழக்கமாக இடது கண்குழியே அளக்கப்படும்.

சுட்டெண் = (உயரம் ÷ அகலம்) × 100

எடுத்துக்காட்டாக, உயரம் 34 மில்லிமீட்டரும் அகலம் 40 மில்லிமீட்டரும் எனில் சுட்டெண் 85 ஆகும். சில ஆய்வாளர்கள் டாக்ரியானுக்குப் பதிலாக மூக்கை ஒட்டிய வேறொரு புள்ளியிலிருந்து அகலத்தை அளக்கின்றனர். அப்போது அகலம் கூடிச் சுட்டெண் குறையும். எனவே வெவ்வேறு முறைகளில் பெற்ற எண்களை நேரடியாக ஒப்பிடுதல் தவறாகும்.

வகைப்பாடு

* மைக்ரோசீம்: 83 இலும் குறைவு (அகன்ற குழி)
* மீசோசீம்: 83 முதல் 89 வரை
* மெகாசீம்: 89 இலும் கூடுதல் (உயர்ந்த, வட்டமான குழி)

வரலாறும் விமர்சனமும்

பிரெஞ்சு மருத்துவரான பவுல் புரோக்கா 1870களில் இச்சுட்டெண்ணை விரிவாக ஆய்ந்தார். அக்காலத்தில் மண்டையோட்டு அளவீடுகள் மனிதரை உயர்ந்த, தாழ்ந்த இனங்களாகப் பிரிப்பதற்குப் பயன்படுத்தப்பட்டன. ஐக்கிய அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளை ஆய்ந்த பிரான்சு போவாஸ், தலையின் வடிவம் சூழலுக்கேற்ப மாறக்கூடியது என 1912 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஒரே மக்கள்குழுவுக்குள்ளும் சுட்டெண் பெரிதும் வேறுபடுவதால், ஒரு மண்டையோட்டின் எண்ணை மட்டும் கொண்டு அதற்குரியவர் எம்மக்களைச் சேர்ந்தவர் எனக் கூற இயலாது.

கொள்ளளவு ஆய்வு

2011 இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இலுனெட் பியர்சு, ராபின் டன்பார் ஆகியோர் 12 மக்கள்குழுக்களைச் சேர்ந்த 55 மண்டையோடுகளின் கண்குழிக் கொள்ளளவை ஆய்ந்தனர். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிச் செல்லச்செல்லக் கொள்ளளவு கூடுவதாக அவர்கள் கண்டனர். ஒளி குறைந்த இடங்களில் பார்ப்பதற்குப் பெரிய கண்களும், பார்வைக்குரிய கூடுதலான மூளைப்பகுதியும் தேவைப்படுவதே காரணம் என்பது அவர்களது விளக்கம். இது அறிவுத்திறன் வேறுபாட்டைக் குறிப்பதன்று என்பதையும் அவர்கள் தெளிவுபடுத்தினர்.

இன்றைய பயன்கள்

கணினி வழி எக்சு-கதிர் வெட்டுவரைவின் மூலம் உயிருள்ளவர்களின் கண்குழியையும் அளக்க இயலும். விபத்தில் உடைந்த கண்குழியைச் சீரமைக்கும் அறுவையில், காயமடையாத மறுபக்கக் குழியின் அளவுகள் வழிகாட்டியாகக் கொள்ளப்படுகின்றன. தடய அறிவியலில், பிற எலும்புக் கூறுகளுடன் சேர்த்து, இறந்தவர் ஆணா பெண்ணா என மதிப்பிடவும் கண்குழியின் அளவும் விளிம்பின் கூர்மையும் உதவுகின்றன.