பொருளியல் பயின்ற ஆனி மஸ்கரீன்

இடுக்கி மலையிலே, மூணாற்றுக்கு ஏறும் வழியில் பள்ளிவாசல் என்னும் ஊர் உளது. முதிரப்புழை ஆற்று நீரைப் பெருங்குழாய்களில் மலைச்சரிவின் வழியே இறக்கி, 1940ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு அங்கே மின்சாரம் எடுத்தது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் மின்சார இலாகா ஒரு பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவரே ஆனி மஸ்கரீன் அம்மையார்.

1902இல் திருவனந்தபுரத்தில் பிறந்த அவர், 1925இல் மகாராஜா கல்லூரியில் வரலாறு, பொருளியல் ஆகிய இரு துறைகளிலும் எம். ஏ. பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலம் அது. சில ஆண்டுகள் இலங்கையில் ஆசிரியப் பணி புரிந்தார். திரும்பி வந்து சட்டமும் பயின்றார். ஆசிரியராகவோ வழக்கறிஞராகவோ அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆயினும் 1938இல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசில் சேர்ந்தார்.

அக்கட்சி கேட்டது பொறுப்பாட்சி. மக்களிடம் வரி வாங்கும் அரசு, மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு விடை கூறவேண்டும் என்பதே அதன் பொருள். திவான் சர் சி. பி. ராமசாமி அய்யரின் ஆட்சியை எதிர்த்துப் பேசிய அம்மையார் பன்முறை சிறை புகுந்தார். அவர் பேச்சின் காரத்தைக் காந்தியடிகளே பொறுக்கவில்லை! 1946இல் பம்பாயில் அவர் பேசிய பின்னர், உமக்கு நாவடக்கம் இல்லை என்ற கருத்துப்பட அம்மையாருக்கே அடிகள் கடிதம் எழுதினார். அடிகளின் கண்டிப்பு அம்மையாரின் நாவைக் கட்டிவிட்டதாகத் தெரியவில்லை.

1948இன் இறுதியில் அவர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார். பாலக்காட்டுச் சீமையின் ஆனக்கரையில் பிறந்த அம்மு சுவாமிநாதனும் அச்சபையில் இருந்தார். பள்ளிக்கூடம் சென்று முறையாகக் கல்லாதவர் ஒருவர். இரு பாடங்களில் எம். ஏ. தேறியவர் மற்றவர். இவ்விருவரையும் ஒரே சபையில் காண்பது நமக்கு வியப்பளிக்கிறது. வலிமை வாய்ந்த மத்திய அரசு தேவை என ஒப்பிய மஸ்கரீன், அதன் பொருட்டு உள்ளூர் ஆட்சியின் சுதந்திரம் குன்றலாகாது என்றும் வாதாடினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை ஆராய்ந்த தெரிவுக் குழுவிலும் பங்கு கொண்டார்.

சுகாதாரமும் மின்சாரமும் அவர் பொறுப்பிலிருந்த மந்திரி பதவி 1950க்கு அப்பால் நீடிக்கவில்லை. முதற் பொதுத் தேர்தலில் கட்சி எதனையும் சாராமல் திருவனந்தபுரத்தில் நின்று வென்றார். கேரளப் பகுதியிலிருந்து லோக்சபைக்குச் சென்ற முதற் பெண்மணி ஆனார். 1957இல் தோற்றார், 1963இல் காலமானார். பள்ளிவாசல் நிலையம் விடும் நீரைக் கொண்டே இயங்கும் செங்குளம் மின்நிலையம் 1954இல் தொடங்கப்பெற்றபோது, அவர் டில்லியில் சுயேச்சை உறுப்பினராக அமர்ந்திருந்தார்.