கொடிமுந்திரியின் குலமரபு

ஐரோப்பிய உழவர் கொடிமுந்திரியை வெறும் பயிராகக் கருதவில்லை, குடிப்பெருமையாகவே போற்றினர். ரீஸ்லிங், பினோ, கபெர்னே முதலிய வகைகள் உயர்குலத்தன என மதிக்கப் பெற்றன. அப்பெருமைக்குப் 19-ஆம் நூற்றாண்டில் பெருஞ்சோதனை நேர்ந்தது.

அமெரிக்காவிலிருந்து மூன்று பகைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் கடந்து வந்தன. 1840களில் சாம்பல் நோய் பரவியது. 1860களில் பில்லோக்சரா என்னும் செடிப்பேன் பிரெஞ்சு நாட்டுக் கொடிகளின் வேரைத் தாக்கி மாய்த்தது. 1878-இல் அடிச்சாம்பல் நோயும் வந்து சேர்ந்தது.

பகை வந்த திசையிலேயே மருந்தும் இருந்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர் செடிப்பேனைத் தாங்க வல்லது. எனவே, அவ்வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டினர். வேர் அயலது, கனியோ தம்முடையது. ஆதலால் குலப்பெருமைக்கு இழுக்கு நேரவில்லை. ஆயினும், இலையையும் காயையும் அழிக்கும் பூசண நோய்களை ஒட்டு முறை தடுக்கவில்லை. துரிசும் சுண்ணாம்பும் கலந்த போர்தோக் கலவையை உழவர் ஆண்டுதோறும் தெளிக்க வேண்டியதாயிற்று.

வேறு சிலர் இருநாட்டுக் கொடிகளையும் மகரந்தக் கலப்புச் செய்து கலப்பின வகைகளை உருவாக்கினர். அவை நோயைத் தாங்கின, விளைச்சலும் மிகுதி. எனினும், அவற்றுட் சிலவற்றின் மணம் சுவைஞர்க்கு ஒவ்வவில்லை. மதுவும் நாட்டில் தேவைக்கு மேல் பெருகியது. நோவா, இசபெல்லா உள்ளிட்ட ஆறு வகைகளைப் பிரெஞ்சு அரசு 1934-இல் சட்டத்தால் விலக்கியது. அமெரிக்கக் குருதி என்பதே ஓர் இழிசொல்லாயிற்று.

குலமரபு பற்றிய நம்பிக்கை எத்துணை நிலையற்றது என்பதற்குச் செருமானிய நாடு சான்று தருகிறது. 1882-இல் கைசன்ஹைமில் ஹெர்மன் முல்லர் என்னும் அறிஞர் புதுவகை ஒன்றைப் படைத்தார். முல்லர்-துர்காவு எனப் பெயர் பெற்ற அதன் பெற்றோர் ரீஸ்லிங்கும் சில்வானரும் என்றே நூறாண்டுக்கு மேலாக நம்பினர். பின்னர் நடந்த மரபணு ஆய்வோ, ரீஸ்லிங்கின் துணை சில்வானர் அன்று, மாதலேன் ரொயால் எனக் காட்டியது. குலம் திருத்தப்பட்டது, தேறலின் சுவை மாறவில்லை.

1967-இல் அந்நாட்டின் கைல்வைலர்ஹோஃப் ஆய்வு நிலையத்தில் 'ரீஜென்ட்' பிறந்தது. அதன் தாய் தயானா, சில்வானருக்கும் முல்லர்-துர்காவுக்கும் பிறந்தது. தந்தை ஷம்பூர்சேன், அமெரிக்கக் குருதி கலந்த பிரெஞ்சுக் கலப்பினம். ரீஜென்ட் பூசண நோய்களை எதிர்த்து நின்றது. மருந்துத் தெளிப்பும் குறைந்தது.

அந்த ரீஜென்டையே ஒரு பெற்றோராகக் கொண்டவை ஆர்தபான், விதோக் என்னும் இரு வகைகள். இவற்றைப் பிரெஞ்சு நாடே 2018-இல் தன் பயிர்ப் பட்டியலில் ஏற்றது. ஊர்ப்பெயரால் சிறப்புரிமை பெற்ற தேறல்களிலும் கலப்பினங்களைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் இசைந்தது.

அயற்குருதி என அன்று எள்ளப்பட்டதுவே இன்று கொடியைக் காக்கும் கவசமாயிற்று. பயிராயினும் மாந்தராயினும், பிறப்பை வினவி ஒதுக்குவோர் இழப்பது தம் நலனையே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.